படியும் பூட்டும்: புதுச்சேரியில் நகலெடுப்பின் வரலாறு

ஒரு நூலின் படியையோ ஒரு பாட்டின் படியையோ ஒரு கணினி நிரலின் படியையோ யார் எடுக்கலாம், எடுத்ததை யாரிடம் கொடுக்கலாம் என்ற வழக்கு பதிப்புரிமைச் சட்டத்தோடு பிறந்ததென்று பொதுவாகக் கருதப்படுகிறது. புதுச்சேரி நகரத்தின் எழுத்து வரலாறு அந்தக் கருத்துக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. மூலத்தைப் பார்த்து எழுதிய மறுபிரதிக்குத் தமிழில் படி என்று பெயர், ஏட்டுச்சுவடிகளின் காலத்தில் படியெடுப்பதே ஒரு நூலைக் காப்பதற்கான ஒரே வழியாகவும் இருந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, அவர் இறந்து ஏறத்தாழ 85 ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தபின், 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டு அவரால் படியெடுக்கப்பட்டது. எதுவார் அரியேல் எடுப்பித்த இன்னொரு படி பாரிசின் தேசிய நூலகத்துக்குப் போயிற்று. பின்னர்ச் சென்னை அரசு தனக்கென எடுப்பித்த படியின் துணையோடு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இந்தப் படிகளுக்காக எவரும் எவரிடமும் உரிமம் வாங்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி இன்று எழுதப்படும் ஒவ்வொரு நூலும் அந்தப் படிக்காரர்களின் கைக்குக் கடன்பட்டிருக்கிறது.

படிக்குப் பூட்டுப் போடும் வேலையை இவ்வூரில் முதலில் பெரிய அளவில் செய்தது பிரெஞ்சுப் புதுச்சேரியைப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரித்த எல்லைக்கோடு. பிரான்சு நாட்டின் 1881 ஜூலை 29-ஆம் தேதிப் பத்திரிகைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்துமென்று தன் வாசகத்திலேயே கூறியிருந்தமையால், சென்னையில் அச்சிட முடியாததைப் புதுச்சேரியில் அச்சிட முடிந்தது. 1908-இல் சென்னையில் அடக்குமுறைக்கு உள்ளான ‘இந்தியா’ வார இதழ் அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியதும், மண்டயம் குடும்பத்தார் பொருளுதவி செய்யச் சுப்பிரமணிய பாரதி அதில் எழுதியதும், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதன் பிரதிகள் நுழைய முடியாதபடி தடுக்கப்பட்டு 1910 மார்ச்சில் இதழ் நின்றுபோனதும் பலரும் அறிந்தவை. பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய இரண்டும் 1911-இல் சென்னை மாகாணத்தில் தடைசெய்யப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது, அச்சிடுவது ஓரிடத்திலும் தடுப்பது வேறோரிடத்திலும் நடந்தது என்பதே. பொருளுக்குள் எந்தத் தடையும் இல்லை. எல்லையைத் தாண்டி ஒரு பிரதி எப்படியோ உள்ளே வந்துவிட்டால், அதை ஒருவர் படிப்பதையோ நான்கு பேருக்குப் படித்துக் காட்டுவதையோ கையால் எழுதிப் பரப்புவதையோ நிறுத்தும் வழி அரசிடம் இல்லை.

பாரதியின் எழுத்தே பின்னர் வேறுவகைப் பூட்டுக்கும் எடுத்துக்காட்டாயிற்று. அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து 1946-இல் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனின் கைக்கு 9,500 ரூபாய்க்கு வந்தது. பாரதி பாடலைத் தங்கள் படத்தில் சேர்த்தமைக்காக நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் மெய்யப்பனின் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1949 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு அந்த உரிமைகளை நாட்டுடைமையாக்கியது, 1950-களின் நடுவில் அவை பொதுமக்களுக்கே விடப்பட்டன. அரசு போட்ட பூட்டையும் உரிமையாளர் போட்ட பூட்டையும் ஒரே எழுத்தாளரின் நூல்கள் கண்டன. இரண்டிலும் பூட்டு வெளியில் இருந்தது: ஒன்று எல்லைச் சாவடியில், மற்றொன்று ஒப்பந்தத் தாளில். அதைப் பொருளுக்குள்ளேயே கொண்டு வைத்தது கணினி மென்பொருள் வணிகம்.

மென்பொருள் தனிச் சரக்கானதே அண்மையில்தான். 1969 வரை ஐபிஎம் நிறுவனம் கணினியோடு சேர்த்து, தனி விலை குறிக்காமல், நிரல்களைக் கொடுத்துவந்தது. அவ்வாண்டு ஜூனில் அவற்றைப் பிரித்து விற்கப்போவதாக அறிவித்ததிலிருந்து நிரலுக்கென்று ஒரு சந்தை தோன்றியது. 1976-இல் பில் கேட்ஸ் கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு எழுதிய வெளிப்படைக் கடிதம், தன் நிறுவனத்தின் பேசிக் நிரலைக் காசு கொடாமல் படியெடுத்துப் பகிர்வோரைத் திருடர்கள் என்று சாடியது. அதுவரை அந்த வட்டத்தில் படியெடுப்பதே இயல்பாயிருந்தது என்பதற்கு அந்தச் சாடலைவிட நல்ல சான்று கிடையாது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம் இதற்கு எதிர்த்திசையில் சென்று, நிரலை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் பயனருக்கு உரிமையுண்டு என்ற கட்டற்ற மென்பொருள் கொள்கையை வகுத்தது.

கணினியையும் நிரலையும் தனித்தனிச் சரக்காக்கிய அந்தப் பிரிப்பு புதுச்சேரிக்கு வந்தபோது தலைகீழாகியிருந்தது. வருமானவரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் தொழிலில் பின்தங்கிய பகுதிகளுள் ஒன்றாகப் புதுச்சேரியும் சேர்க்கப்பட்டிருந்தமையால், 1993-க்குப் பின் இங்கே தொடங்கிய ஆலைகளுக்கு முதல் ஐந்தாண்டு இலாபத்தில் முழு விலக்குக் கிடைத்தது. விற்பனை வரிச் சலுகைகளும் அதனோடு சேர்ந்துகொண்டன. அதன் பயனாக எச்சிஎல், விப்ரோ, ஏசர், ஐபிஎம் ஆகியவற்றின் கணினிகள் புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளில் பொருத்தப்பட்டன. 2005-இல் ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவை வாங்கியபோது லெனோவோ அந்த ஆலையையும் பெற்றது. பிரெஞ்சு வீதிகளும் ஆசிரமமும் கடற்கரையும் என்றே புதுச்சேரியை வருணிக்கும் நூல்கள், இந்திய வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கணினிகளில் ஒரு பெரும் பங்கு இவ்வூரிலிருந்து பெட்டி கட்டப்பட்டுச் சென்றதைக் குறிப்பிடுவதே இல்லை. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இயங்குதளம், அதாவது கணினியின் மற்ற நிரல்களையெல்லாம் தாங்கி நடத்தும் அடிப்படை மென்பொருள், முன்கூட்டியே பதிந்திருந்தது. ஐபிஎம் 1969-இல் பிரித்ததை ஆலை மறுபடி ஒட்டிவிட்டது. ஆனால் இப்போது நிரலுக்குத் தனி உரிமம் உண்டு, அந்த உரிமம் கணினியின் முதுகில் ஒட்டிய சான்றுச் சீட்டோடும் அந்த ஒரே இயந்திரத்தோடும் கட்டப்பட்டது. இயந்திரம் பழுதாகிப் பழைய இரும்புக்குப் போனால், காசு கொடுத்து வாங்கிய நிரலும் அதனோடு போகும். வேறு கணினிக்கு அதை எடுத்துச் செல்ல ஒப்பந்தம் இடம் தராது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த ஒப்பந்தத்தைப் படித்திருப்பார்கள் என்பது கேட்கவேண்டாத கேள்வி, ஏனென்றால் கணினியை முதன்முதலாக முடுக்கிய பிறகுதான் அது திரையில் தோன்றும்.

2001-இல் வெளிவந்த, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம், நிரலை நிறுவியபின் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ நிறுவனத்திடம் ஒப்புதல் பெற்றால்தான் தொடர்ந்து இயங்கும் என்ற முறையைப் பரவலாக்கியது. 2005-இல் இந்தியாவுக்கென முதலில் இந்தியில் வந்த அதன் மலிவுப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க முடியாதபடி வேண்டுமென்றே குறுக்கப்பட்டிருந்தது. இயந்திரத்துக்குத் திறன் இருந்தும் வாங்கியவரின் பணத்துக்கேற்ப அந்தத் திறனை அடைத்துவைத்த இந்த ஏற்பாடு, பூட்டு என்பது திருட்டைத் தடுக்க மட்டுமே என்ற வாதத்தைப் பொய்யாக்கியது.

தமிழைப் பொறுத்தவரை இதைவிட ஆழமான பூட்டு அச்சமைப்புத் தொழிலில் இருந்தது. 1990-களில் ஈய எழுத்துகள் மறைந்து, டிடிபி சென்டர் என்று அழைக்கப்பட்ட கணினி அச்சுக்கோப்பகங்கள் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பெருகியபோது, இந்திய மொழி மென்பொருள்கள் பலவும் வன்பூட்டோடு விற்கப்பட்டன. தொழிலில் உள்ளவர்கள் லாக் என்றும் டாங்கிள் என்றும் சொல்லும் இந்தச் சிறு கருவியைக் கணினியின் அச்சுப்பொறித் துளையில், பிற்காலத்தில் யூஎஸ்பி துளையில், செருகியிருந்தால்தான் நிரல் இயங்கும். வட்டிலிருந்து எத்தனை படி எடுத்தாலும் பயனில்லை. கருவி தொலைந்தாலோ மின்னழுத்த ஏற்றத்தில் கருகினாலோ, முறையாகக் காசு கொடுத்து வாங்கியவரும் வேலையை நிறுத்திவிட்டு விற்பனையாளரைத் தேடிப் போகவேண்டியிருந்தது. திருட்டுப் படி வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய வேடிக்கை: பூட்டை உடைத்த படியில் உடைவதற்குப் பூட்டே இருக்காது.

வன்பூட்டு கண்ணுக்குத் தெரிந்த பூட்டு. குறியேற்றம் என்பது தெரியாத பூட்டு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண் தரவேண்டும். அந்த எண் வரிசையைக் குறியேற்றம் என்பர். பொதுத்தரம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கென்று தனி வரிசையை அமைத்துக்கொண்டமையால், ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த நாவலை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிந்தன. தட்டச்சு செய்தவரின் உழைப்பும் எழுதியவரின் எழுத்தும் அவர்களுடையவைதாம், ஆனால் அவற்றைப் படிக்கும் வழி மென்பொருள் நிறுவனத்துடையது. இச்சிக்கலைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களையும் ஒரு விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. உலகப் பொதுத்தரமான ஒருங்குறியில் தமிழ் 1991-லிருந்தே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகே அது சாதாரணக் கணினிகளில் புழங்கத் தொடங்கியது. 2005 ஏப்ரலில் நடுவணரசு தமிழ் எழுத்துருக்களும் மென்கருவிகளும் அடங்கிய குறுவட்டை இலவசமாக வழங்கியதும், 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதும், தன்னார்வலர்கள் எழுதிய மாற்றிகள் இலவசமாகக் கிடைத்ததும் சேர்ந்தே இந்தப் பூட்டைத் தளர்த்தின. ஆயினும் பழைய வட்டுகளில் பழைய குறியேற்றத்தில் கிடக்கும் கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால், இந்தியச் சட்டம் பயனரிடம் அத்தனை கடுமையாக இல்லை என்பது வியப்பூட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரையறைக்குள் சேர்த்தது. 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அனுமதியற்ற படி என்று தெரிந்தே நிரலைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது ஏழு நாள் சிறையும் 50,000 ரூபாய் தண்டமும் விதித்தது. இலாபத்துக்காகப் பயன்படுத்தாதவருக்குச் சிறையை விலக்கவும் நீதிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. அதே திருத்தம், முறையாகப் படியை வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பாக மறுபடி எடுத்துக்கொள்வதை மீறல் அல்ல என்றது. 1999 திருத்தம் இன்னும் தாராளமாக, நேர்மையாகப் பெற்ற படியிலிருந்து வணிகமல்லாத சொந்தப் பயனுக்குப் படியெடுப்பதையும், ஒரு நிரலை மற்றொன்றோடு இணைத்து இயக்கத் தேவையான தகவலைப் பெறுவதையும் அனுமதித்தது. பிரான்சின் நிலை வேறு: மற்றப் படைப்புகளுக்குச் சொந்தப் பயன் படியை ஏற்ற அந்நாடு, 1985 ஜூலை 3-ஆம் தேதிச் சட்டத்தின் வழியே மென்பொருளுக்குக் காப்புப் படி ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் விலக்கியது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரெஞ்சு மண்ணுக்கு எழுத்தாளர்கள் ஓடிவந்த நகரத்தின் வரலாற்றில், ஏறத்தாழ நூறாண்டு கழித்து நகலெடுப்பு உரிமையில் இந்தியப் பக்கமே தாராளமாக இருந்தது.

பூட்டை உடைப்பது குற்றமா என்ற கேள்விக்கு அமெரிக்கா 1998-இலும் பிரான்சு 2006-இலும் கடுமையான விடை தந்தன. இந்தியா 2012-இல்தான் விடை சொன்னது. அவ்வாண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்று விதித்தபோதும், சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காக உடைப்பதைக் குற்றமாக்கவில்லை. காப்புப் படி எடுக்கவோ தன் கோப்பைத் தானே திறக்கவோ பூட்டைத் திறப்பவர் குற்றவாளி ஆகமாட்டார். இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த சட்டம் அடுத்த வரியில் தடுமாறுகிறது: பிறருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், அந்த நபரின் பெயர், முகவரி, அடையாள விவரங்கள், நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் முழுமையாக எழுதிவைக்க வேண்டும். தானே பூட்டைத் திறக்கும் அறிவு ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கலாம்; மற்றவர்கள் பழுதுபார்க்கும் கடைக்காரரையே நாடவேண்டும். உரிமை எழுத்தில் இருக்கிறது, திறவுகோல் அவர்கள் கையில் இல்லை. வன்பூட்டு கருகிப்போன அச்சுக்கோப்பகக்காரருக்குக் காப்புப் படி எடுக்கும் உரிமை 1995-லிருந்தே உண்டு, அந்தப் படியால் அவர் ஒரு வரிகூட அச்சிட்டதில்லை.

நுகர்வோர் என்ற நிலையில் அவருக்குக் கிடைத்த துணை, எதிர்பாராத இடத்திலிருந்து, விற்பனை வரி வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. டாட்டா கன்சல்டன்சி சர்வீசசுக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004 நவம்பரில், வட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் மென்பொருள் சரக்கே என்று தீர்ப்பளித்தது. வரி வாங்குவதற்காக எழுந்த தீர்ப்பானாலும் அதன் நிழல் நீண்டது; சரக்கென்றால் குறைபாடு உண்டு, குறைபாடு என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையிட வழி உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் அல்லர் என்று ஒதுக்கும் அச்சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்கென வாங்குபவரை ஒதுக்காதபடி 1993-இல் திருத்தப்பட்டிருந்ததால், தன் கையால் தட்டச்சு செய்யும் சிறு கடைக்காரரும் அதற்குள் அடங்குவார். 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையும் சேர்த்து, அதை மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம் என்றது. ஆனால் அதற்குள் வட்டே மறைந்துவிட்டது: மென்பொருள் மாதச் சந்தாவாகவும் தொலைவிலுள்ள சேவையகத்தில் இயங்கும் பணியாகவும் மாறியபின், 2004-இல் வாங்கியவர் கையில் இருந்த சரக்கை இன்று எதுவென்று சுட்டிக்காட்டுவது எளிதாக இல்லை.

படியெடுத்துப் பகிரும், இந்தப் போக்குக்கு மாறான வழக்கம் புதுச்சேரியில் அறுபட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டியதோடு, திரட்ட முடியாதவற்றைப் படியாளர்களை அமர்த்தித் தாளில் பெயர்த்தெழுதச் செய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தத் தாட்படிகள் பின்னர் மின்படிகளாகி உலகெங்கும் படிக்கக் கிடைக்கின்றன. இச்சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே நிறுவனம் பங்கேற்ற இந்தியப் பல்லுயிர்த் தளத்தின் தரவுகள் பகிர்வுரிமத்தோடு வெளியாகின்றன. கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்ற பெயரில் இவ்வூர்த் தன்னார்வலர்கள் மாணவரிடையே லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பரப்பிவருகிறார்கள். ஸ்ரீ அரவிந்தரின் எழுத்துகள் அவர் மறைந்து 60 ஆண்டு நிறைந்தபின் 2011 ஜனவரி 1-இல் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டன. அவருடைய ஆசிரமத்தின் அன்னை எழுதியவை 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு பொறுக்கக்கூடியது, ஏனென்றால் 60 ஆண்டு கழித்தும் தாளைப் படிக்க முடியும். மென்பொருளும் இலக்கியப் படைப்பாகவே சட்டத்தில் எண்ணப்படுவதால் அதே 60 ஆண்டு அதற்கும் பொருந்துகிறது: 1995-இல் ஒரு தமிழ் அச்சமைப்பு நிரலை எழுதியவர் 2040 வரை வாழ்வாரானால், அந்த நிரல் 2100 டிசம்பர் 31 வரை பூட்டிலேயே இருக்கும், அதை இயக்கிய கணினியும் வன்பூட்டும் அதற்கு நெடுங்காலம் முன்பே மண்ணாகியிருக்கும். நூலகங்கள் இதில் தலையிடவும் சட்டம் வழிவிடவில்லை. 2012-இல் சேர்த்த விதிவிலக்கு, வணிகமல்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது, ஆனால் அதன் மின்னணு அல்லாத படி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. மென்பொருளுக்கு அப்படியொரு படி பிறப்பிலேயே கிடையாது. வெளியான நூலின் பிரதியை ஒப்படைக்கக் கோரும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் 1956-இல் செய்தித்தாளைச் சேர்த்துக்கொண்டதோடு நின்றுவிட்டது. பிரான்சு 1992 ஜூன் 20-ஆம் தேதிச் சட்டத்தின் மூலம் மென்பொருளையும் ஒப்படைப்புக்கு உட்படுத்திவிட்டது. 1827-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கி இன்று ரோமன் ரோலண்டின் பெயரைத் தாங்கி நிற்கும் புதுச்சேரிப் பொது நூலகத்துக்கு, இவ்வூர் நூல்களை முப்பதாண்டாக அச்சுக்கோத்த ஒரு தமிழ் மென்பொருளின் வட்டைக்கூட அனுப்பும் கடமை இந்தியாவில் எவருக்கும் இல்லை.